சுரைப்பூவுக்கு அந்தி நேரம்

“பந்தல் நிறையச் சுரை பூக்கிறது. பிஞ்சு மட்டும் விரல் நீளம்கூட வளராமல் மஞ்சளடித்து உதிர்கிறது. என்ன உரம் போடலாம்?” என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தையில் விதை ஊன்றிய மாடித்தோட்டங்களில் பங்குனி பிறந்ததும் எழும் புலம்பல் இது.

உரத்தால் தீருகிற குறை அல்ல. சுரை, பூசணி, பாகல், பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான். நீளக் காம்பில் வெறுமனே நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிக் காயே ஒட்டியிருக்கும். சுரையில் அது மெல்லிய ரோமம் போர்த்து, பச்சையாக இருக்கும். மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்தக் குட்டிக் காய் வெம்பி விழுந்துவிடும்.

என்னை வியக்க வைப்பது இவை பூக்கும் நேரம். பூசணிப் பூ எங்கள் தெரு இட்லிக் கடை மாதிரி. விடியலில் திறந்து வெயில் ஏறுமுன் மூடிவிடும். அதற்குத் தேனீ போதும். சுரைப்பூவோ பொழுது சாய்ந்த பிறகே விரியும். வெள்ளை வெளேரென்ற இதழ் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. மறுநாள் காலை பார்த்தால் பூ வாடியிருக்கும். காலையில் மட்டும் தோட்டத்துக்குப் போகிறவர்கள் சுரைப்பூ மலர்ந்து பார்ப்பதே இல்லை.

நகரத்து மொட்டை மாடிக்கு அந்துப்பூச்சி வருவது அபூர்வமாகிவிட்டது. விடிய விடிய எரியும் விளக்கும், கண்ட பூச்சிக்கும் அடிக்கிற மருந்தும் அதற்குக் காரணம். ஓர் இலையில் ஓட்டை விழுந்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். காய் பிடிக்க வைக்கிற பூச்சியும் அதே மருந்தில்தான் சாகிறது. புழுவைக் கையால் பொறுக்கி எடுக்க நாலு செடிக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்துப்பூச்சி வராத வீட்டில் அதன் வேலையை நாமே செய்யலாம். மாலை ஆறரை ஏழு மணிக்கு, அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி தெரியும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருத்துக் காம்போடு கீழ்நோக்கி வளைந்தால் காய் பிடித்துவிட்டது. பூசணிக்கும் பாகலுக்கும் இதையே காலையில் செய்யவேண்டும்.

மதுரை அம்மா உரத்துக்குச் செலவழிக்க வேண்டாம். இன்று அந்திக்கு மாடி விளக்கை அணைத்துவிட்டுப் பந்தலடிக்குப் போங்கள்.