‘அறிவிப்போம்’ என்றார்கள்: நேர்முகப் பரீட்சைக்குப் பின்னர் நீளும் மௌனம்

“முடிவை உங்களுக்கு அறிவிப்போம்.” நேர்முகப் பரீட்சை அறையில் கடைசியாகக் கேட்கும் வசனம் பெரும்பாலும் இதுதான். அதன் பிறகு எதுவும் வருவதில்லை. கடிதம் இல்லை, தொலைபேசி அழைப்பு இல்லை, வட்ஸ்அப்பில் ஒரு வரிகூட இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊடகப் பொறுப்புக்கான நேர்முகப் பரீட்சைக்கு நானும் போயிருந்தேன். காலை பஸ்ஸில் கல்முனையிலிருந்து புறப்பட்டு, மூன்று மணித்தியாலம் காத்திருந்து, இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தேன். “இரண்டு கிழமைக்குள் அறிவிப்போம்” என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, அந்தப் பதவியில் வேறொருவர் இருப்பதை ஃபேஸ்புக்கில் ஒரு பயிற்சிப் பட்டறையின் படத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். தெரிவாகாததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த இரண்டு மாதங்களும் தொலைபேசியைக் கீழே வைக்காமல் திரிந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையோரத்தில் பட்டம் முடித்த எவரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். இது வெறும் மரியாதைக் குறைவா? அல்லது அதற்கு மேலான ஒன்றா? சட்டம் என்ன சொல்கிறது? நாம் என்ன செய்யலாம்?

காத்திருப்பின் விலை

ஒரு நேர்முகப் பரீட்சைக்குச் செலவு உண்டு. சான்றிதழ்களின் போட்டோ பிரதிகள், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பஸ் கட்டணம், அன்றைய நாட்கூலி. கைக்குழந்தையுள்ள பெண் என்றால் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள். மாகாண மட்டத்துப் பதவி என்றால் திருகோணமலைப் பயணம்.

ஆனால் பெரிய செலவு அதன் பிறகுதான் தொடங்குகிறது. நிந்தவூரில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், உள்ளூர் வேலை ஒன்றின் முடிவு வரும் என்று நம்பி, கட்டார் போகக் கிடைத்த வாய்ப்பைத் தள்ளிப்போட்டார். உள்ளூர் முடிவு வரவே இல்லை. கட்டார் இடமும் வேறொருவருக்குப் போய்விட்டது. “இல்லை” என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். பல அரச பதவிகளுக்கு வயதெல்லை உண்டு. முப்பத்து நான்கு வயதுக்காரருக்கு ஆறு மாத மௌனம் என்பது வெறும் ஆறு மாதமல்ல.

போரில் கணவனையோ தகப்பனையோ இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு இது இன்னும் கனமானது. இடப்பெயர்வில் தொலைந்த சான்றிதழ்களின் பிரதிகளைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மறுபடி பெற்று, கோப்பாகக் கட்டி, ஒவ்வொரு மேசையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். பதிலே வராதபோது, “என்னை ஓர் ஆளாகவே எடுக்கவில்லை” என்றுதான் தோன்றும். காணாமல் போன உறவைத் தேடி எழுதிய கடிதங்களுக்கும் பதில் வராத வீடுகளில் அந்த மௌனம் பழைய காயத்தையே தொடுகிறது.

மௌனம் வதந்திக்கு இடம் கொடுக்கிறது

கல்முனையில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இங்கே முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே சந்தையில் வாங்கி, ஒரே வீதியில் நடந்து, ஒரே பதவிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். 1990 இல் இந்தக் கரையோரத்தில் நடந்தவற்றை இரு சமூகங்களும் மறக்கவில்லை.

முடிவும் காரணமும் சொல்லப்படாத இடத்தைக் கதைகள் நிரப்புகின்றன. தமிழ் விண்ணப்பதாரியின் வீட்டில், “அவங்கட ஆளைப் போட்டுட்டாங்க” என்பார்கள். முஸ்லிம் விண்ணப்பதாரியின் வீட்டிலும் அதே வசனம்தான், எதிர்ப்பக்கம் காட்டி. இரண்டு வீட்டிலும் அடுத்த பேச்சு, “அமைச்சர்ர லிஸ்ட் முதலே ரெடி.” சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். சில வேளை தெரிவானவர் நியாயமாகவே கூடிய புள்ளி பெற்றிருப்பார். எது உண்மை என்று பிரித்தறிய வழியில்லை என்பதுதான் ஆபத்து. நேர்மையாக நடந்த தெரிவும் மௌனத்தால் ஊழலாகத் தெரிகிறது. ஊழலான தெரிவோ அதே மௌனத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

ஏன் சொல்வதில்லை?

எல்லா நிறுவனங்களும் கெட்ட நோக்கத்தில் மௌனம் காப்பதில்லை. முதலாவதாகத் தெரிவானவர் வேலையை ஏற்காவிட்டால் இரண்டாமவரை அழைக்க வேண்டியிருக்கும். அதனால் எவரிடமும் “இல்லை” என்று சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களில் நிதி வழங்குநரின் அனுமதி தாமதமாகலாம். அரச திணைக்களங்களில் அமைச்சின் அனுமதிக்காகக் கோப்பு கிடக்கலாம். சிறிய கடைகளிலும் கம்பனிகளிலும் இதற்கென்று ஓர் அலுவலரே இருப்பதில்லை. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் “உங்களை எடுக்கவில்லை” என்று சொல்வதற்குக் கூச்சமும் உண்டு.

காரணங்கள் விளங்குகின்றன. ஆனால் “இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் சொல்கிறோம்” என்று அறிவிப்பதற்கு இவற்றில் எதுவும் தடையல்ல.

ஒன்ராறியோ 45 நாள் என்கிறது

நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், பகிரங்கமாக விளம்பரம் செய்த பதவிக்கு நேர்முகம் கண்டவர்களுக்கு, தெரிவு பற்றி முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதை 45 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பல சுற்றுகள் நடந்தால் கடைசி நேர்முகத்திலிருந்து நாள் எண்ணப்படும். நேரில் சொல்லலாம், எழுத்தில் தரலாம், மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் அறிவிக்கலாம். அறிவித்ததற்கான பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஏன் தெரிவாகவில்லை என்ற காரணத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. தென் கொரியாவும் 2014 இல் கொண்டுவந்த சட்டமொன்றின் மூலம், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் விண்ணப்பதாரிகளுக்குத் தெரிவு முடிவை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு 45 நாளில் பதில் கிடைக்கும். சாய்ந்தமருதில் இருக்கும் அக்காவுக்கு?

இலங்கையில் என்ன இருக்கிறது?

தனியார் துறையில், நேர்முகம் கண்டவருக்கு முடிவை அறிவிக்க வேண்டும் என்று இங்கே சட்டக் கடமை எதுவும் இல்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் வேலையில் சேர்ந்தவரின் நேரம், லீவு, சம்பளம் பற்றிப் பேசுகிறது. வாசலில் காத்திருப்பவர் அதன் பார்வைக்குள் வருவதில்லை.

அரசதுறையில் நிலைமை வேறு. 2015 இல் 19 ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. தொடர்ந்து வந்த 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. திணைக்களங்கள், மாகாண சபை, மாநகர சபை, அரச பல்கலைக்கழகம் எல்லாம் அதற்குள் அடங்கும். அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச அமைப்பிடமோ பெருமளவு நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தொண்டு நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவல் அளவில், அடங்கும்.

விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். கேட்கக்கூடியவை:

- இந்தப் பதவிக்கான தெரிவு முடிந்துவிட்டதா? எந்தத் திகதியில்?
- புள்ளியிடும் திட்டம் என்ன?
- ஒவ்வொரு தலைப்பிலும் எனக்குக் கிடைத்த புள்ளிகள் எவை?
- தெரிவானவர்களில் ஆகக் குறைந்த புள்ளி எவ்வளவு?

மற்றவரின் பெயரையும் சொந்த விபரத்தையும் கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமுண்டு. பெயரில்லாமல் புள்ளியை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம். சட்டத்தின் 35 ஆவது பிரிவையும் குறிப்பிடலாம். தன்னைப் பாதிக்கும் ஒரு தீர்மானத்துக்கான காரணத்தை எழுத்தில் தருமாறு அரச அலுவலரிடம் கேட்க அது வழி தருகிறது.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு மாதம் என்ற பொறி

மௌனத்தின் மிகக் கூர்மையான பாதிப்பு இங்கேதான் வருகிறது. அரச நியமனத்தில் பாரபட்சம் நடந்தது என்று கருதினால், அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். ஆனால் 126 ஆவது உறுப்புரையின்படி அதற்குக் கால அவகாசம் ஒரே ஒரு மாதம். முடிவே அறிவிக்கப்படாதவர் அந்த மாதம் எப்போது தொடங்கியது என்று எப்படி அறிவார்? “எனக்குப் பிறகுதான் தெரியவந்தது” என்று வாதிடலாம். அதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான் விழும். தகவல் கோரிக்கைக்கு 14 வேலை நாள் போனாலே மாதத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆகவே இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். நியமனம் நடந்தது தெரியவந்த உடனே தகவல் கோரிக்கையைக் கொடுங்கள். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடுங்கள். அதன் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவின்படி, அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. விசாரணை நடப்பதற்கான எழுத்து ஆதாரத்தைக் கையில் வைத்திருப்பதும், மாதம் முடியுமுன் ஒரு சட்டத்தரணியைச் சந்திப்பதும் அவசியம்.

இரண்டு பக்கமும் செய்யக்கூடியவை

தனியார் நிறுவனத்துக்குப் போகிறவர்கள், அறையை விட்டு எழும்பும் முன், “முடிவு எந்தத் திகதிக்குள் தெரியும்? யாரிடம் கேட்கலாம்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது அவமரியாதை அல்ல. திகதி கடந்தால் ஒரு தடவை எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தேடுங்கள். முடிவு வரும்வரை வேறு வாய்ப்பை நிறுத்தி வைக்காதீர்கள்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு இது பெரிய செலவல்ல. “நேர்முகப் பரீட்சைக்கு வந்தமைக்கு நன்றி. இம்முறை இந்தப் பதவிக்கு வேறொருவர் தெரிவாகியுள்ளார். உங்கள் சான்றிதழ்ப் பிரதிகளை இம்மாத இறுதிக்குள் பெற்றுக்கொள்ளலாம்.” இருபது பேருக்கு இதை அனுப்ப பத்து நிமிடம் போதும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும் ஊர்ச் சங்கங்களும்கூட ஆட்களை வேலைக்கு எடுக்கின்றன. சட்டம் வரும்வரை காத்திராமல் அவர்களே இதைத் தொடங்கலாம்.

ஒன்ராறியோவைப் போல ஒரு கால எல்லையை இங்கேயும் சட்டமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். அதுவரை, “இல்லை” என்பதும் ஒரு பதில்தான். அதைக் கேட்டவர் அன்றிரவு கொஞ்சம் அழுதுவிட்டு, அடுத்த நாள் காலையில் வேறொரு விண்ணப்பத்தை எழுதத் தொடங்குவார். பதிலே கேட்காதவர் இன்னும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.