புயலில் சாய்ந்த மரங்களை வெட்டுவதில் உள்ள ஆபத்து: சங்கிலி ரம்பத்தைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும் எப்படி?

நியூ டவுன் (கொல்கத்தா): ஆம்பன் புயல் 2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி மேற்கு வங்கக் கடற்கரையைக் கடந்தபோது, கொல்கத்தாவிலும் அதன் புறநகர்ப் பகுதிகளிலும் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. நியூ டவுனுக்கு அருகிலுள்ள டம் டம் விமான நிலையப் பகுதியில் காற்றின் வேகம் மணிக்கு 130 கி.மீ.-ஐத் தாண்டியது. சாலைகள் அடைபட்டன, மின்கம்பிகள் அறுந்தன, பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின.

மாநில அரசின் வேண்டுகோளை ஏற்று மே 23-ஆம் தேதி ராணுவம் களமிறக்கப்பட்டது. டோலிகஞ்ச், பாலிகஞ்ச், பேஹாலா ஆகிய தெற்கு கொல்கத்தா பகுதிகளுடன், வடக்கு 24 பர்கனாஸ் மாவட்டத்தின் ராஜர்ஹாட்-நியூ டவுன் பகுதிக்கும் வீரர்கள் அனுப்பப்பட்டனர். தேசிய பேரிடர் மீட்புப் படையினரும், ஒடிசாவிலிருந்து வந்த பேரிடர் மீட்புக் குழுவினரும் பணியில் ஈடுபட்டனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான முதன்மைக் கருவி, மரம் அறுக்கும் இயந்திரம் என்று தமிழகத்தில் அழைக்கப்படும் சங்கிலி ரம்பம்.

தமிழகத்துக்கும் இக்காட்சி புதிதன்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையின் நிழல்சாலைகளைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளை அழித்தது. அப்போது விழுந்த தென்னைகளை அறுத்து அகற்ற இந்த இயந்திரங்களுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. இத்தகைய வேளைகளில் முன்பின் பழக்கமில்லாதவர்களும் ரம்பத்தைக் கையில் எடுக்கின்றனர். ஆனால் நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட, புயலில் சாய்ந்த மரத்தை வெட்டுவதே பல நேரங்களில் கூடுதல் ஆபத்தானது.

விழுந்த மரம் ஏன் ஆபத்தானது?

புயலில் சாய்ந்த மரம் தரையில் அமைதியாகக் கிடப்பதுபோல் தோன்றினாலும், அதன் தண்டும் கிளைகளும் பெரும்பாலும் வளைந்து, இழுபட்ட நிலையில் இருக்கும். வளைத்துப் பிடித்த வில்லைப் போன்றது அந்நிலை. வளைவின் வெளிப்பக்க இழைகள் இழுவிசையிலும், உட்பக்க இழைகள் அழுத்தத்திலும் இருக்கும். இழுபட்ட பக்கத்தில் ரம்பத்தை ஆழமாக இறக்கினால், மரம் திடீரெனப் பிளந்து வெட்டுபவர் மீது பாயக்கூடும். அழுத்தம் மிகுந்த பக்கத்தில் ஆழமாக அறுத்தால், வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விப் பிடித்துவிடும்.

ஆகவே, முதலில் அழுத்தப் பக்கத்தில் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை சிறு வெட்டு இட்டு, பின்னர் இழுவைப் பக்கத்திலிருந்து மெதுவாக அறுத்து முடிப்பதே முறை. இரு முனைகளும் தாங்கப்பட்டு நடுப்பகுதி தொங்கும் மரத்தில் மேற்பக்கம் அழுத்தத்தில் இருக்கும். ஆகவே மேலிருந்து தொடங்கிக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் கிளையில் இந்த வரிசை தலைகீழாகும். பக்கவாட்டில் வளைந்த மரத்தை, வளைவின் உட்பக்கம் நின்றே வெட்ட வேண்டும். அறுபடும் மரம் வெளிப்பக்கமாகவே பாயும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் மற்றோர் ஆபத்தும் உண்டு. மண்ணைச் சுமந்தபடி செங்குத்தாக நிற்கும் வேர்த்தட்டை, தண்டின் எடையே பிடித்து வைத்திருக்கும். தண்டை அறுத்ததும் அந்தத் தட்டு மீண்டும் குழிக்குள் சாயலாம். வெட்டுபவர் பக்கமாகவும் கவிழலாம். எனவே குழிக்குள்ளோ, வேர்த்தட்டின் அருகிலோ எவரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. வேர்த்தட்டைக் கயிறு அல்லது சங்கிலியால் நிலைநிறுத்திய பின்பே தண்டில் கைவைக்க வேண்டும்.

கிளைகளில் மின்கம்பி சிக்கியிருந்தால், மின்விநியோக நிறுவனத்தினர் வந்து இணைப்பைத் துண்டித்து உறுதிப்படுத்தும் வரை மரத்தைத் தொடக் கூடாது. ஊரெங்கும் மின்தடை என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருதிவிட இயலாது. ஒரு வீட்டில் தவறாக இணைக்கப்பட்ட ஜெனரேட்டரிலிருந்தும் மின்சாரம் கம்பிக்கு வரக்கூடும்.

எந்த ரம்பம் எதற்கு?

சங்கிலி ரம்பங்கள் மூன்று வகைப்படும். நேரடி மின் இணைப்பில் இயங்குபவை எடை குறைந்தவை, பராமரிப்பு எளியவை. வீட்டு முற்றத்தில் விறகு வெட்ட ஏற்றவை என்றாலும், புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத வேளையிலும், ஈரத்திலும் அவை பயன்படா. பேட்டரியில் இயங்குபவை ஓசை குறைந்தவை, புகை இல்லாதவை. கிளைகளைக் கழிக்கப் போதுமானவை. ஆனால் பெரிய மரத்தில் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். நாள் முழுவதும் உழைக்க வேண்டிய வனப் பணிக்கும் மீட்புப் பணிக்கும் பெட்ரோல் ரம்பமே இன்றும் முதன்மையானது.

அடுத்து கவனிக்க வேண்டியது, சங்கிலி சுற்றிவரும் ‘பார்’ எனப்படும் பட்டையின் நீளம். கிளை கழிக்க 12 முதல் 14 அங்குலமும், பொதுவான விறகுப் பணிக்கு 16 முதல் 18 அங்குலமும் பெரும்பாலும் போதும். நீளம் கூடக்கூட எடையும் கூடும். முனை கண்ணுக்கு எட்டாத இடத்தில் மோதும் வாய்ப்பும் கூடும். அனுபவம் உள்ளவர்கள் இருபுறமும் மாறி மாறி அறுத்து, பட்டையின் நீளத்தைவிடப் பருத்த தண்டையும் துண்டாக்கிவிடுவர். எனவே முதல்முறை வாங்குபவர் பெரிய இயந்திரத்தை நாட வேண்டிய தேவை இல்லை.

விலையைவிட முன்னதாகப் பார்க்க வேண்டியவை பாதுகாப்பு அமைப்புகள். பட்டை மேல்நோக்கி உதறினால் சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் செயின் பிரேக், தவறுதலாக விசை அழுந்தாமல் தடுக்கும் பூட்டு, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, அதிர்வைக் குறைக்கும் கைப்பிடி ஆகியவை இருக்க வேண்டும். மாற்றுச் சங்கிலியும் உதிரி பாகங்களும் உள்ளூரிலேயே கிடைக்கின்றனவா என்பதும் முக்கியம்.

உதறலே முதல் எதிரி

இயங்கும் சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. பட்டை முனையின் மேல்பாதி எதன் மீதாவது பட்டால், ரம்பம் மேல்நோக்கியும் பின்நோக்கியும் உதறி, வெட்டுபவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கி வரும். மனிதர் சுதாரிப்பதற்குள் இது நிகழ்ந்து முடிந்துவிடும். இதைத் தவிர்க்க, முனையால் வெட்டக் கூடாது. இரு கைகளாலும் பிடித்து, இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். தலை ரம்பத்துக்கு நேர்பின்னால் இல்லாமல் சற்று ஒதுங்கியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே உயர்த்தியோ, ஏணியில் நின்றோ, ஒற்றைக் கையாலோ வெட்டக் கூடாது.

இயந்திரத்தைக் கையில் தொங்கவிட்டபடி கயிற்றை இழுத்து இயக்குவது பரவலாகக் காணப்படும் தவறு. செயின் பிரேக்கைப் போட்டு, தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு இயக்குவதே பாதுகாப்பானது.

தலைக்கவசம், முகத்திரை, காதுக்காப்பு, உறுதியான காலணி ஆகியவை கட்டாயம். பெட்ரோல் ரம்பத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும் என்பதால், காதுக்காப்பு இல்லாமல் தொடர்ந்து பணியாற்றினால் செவித்திறன் நிலையாகக் குறையும். ரம்பப் பணிக்கெனத் தயாரிக்கப்படும் காற்சட்டையில் உள்ள நீண்ட இழைகள், சங்கிலி பட்டதும் உருவி வந்து பற்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்த உதவும். வேட்டி, லுங்கி, துண்டு போன்ற தளர்ந்த உடைகளுடன் ரம்பத்தை இயக்குவது ஆபத்து. தனியாக வெட்டவும் கூடாது. குரல் கேட்கும் தொலைவில் ஒருவர் இருக்க வேண்டும்.

கூர்மையும் எண்ணெயும்

மழுங்கிய சங்கிலி, கூர்மையான சங்கிலியைவிட ஆபத்தானது. அறுக்கும்போது துருவலாக விழாமல் மாவுபோல் தூள் விழுந்தாலோ, ரம்பத்தை அழுத்த வேண்டியிருந்தாலோ, அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். மண்ணில் ஒருமுறை பட்டாலே பற்கள் மழுங்கிவிடும். தென்னையின் வெளிப்பகுதி மிகக் கடினமானது. அதனால் தென்னந்தோப்புகளில் அடிக்கடி அரம் போட வேண்டியிருக்கும்.

பெட்ரோல் ரம்பங்களில் எரிபொருளுடன் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி.; 25:1 என்றால் 40 மி.லி. சங்கிலிக்கான எண்ணெய் தனித் தொட்டியில் ஊற்றப்படுவது. அது தீர்ந்தால் பட்டையும் சங்கிலியும் சூடேறிக் கெடும். இயந்திரத்தை அணைத்து, ஆறவிட்ட பின்னரே எரிபொருள் நிரப்ப வேண்டும்.

சட்டமும் மரத்தின் மறுவாழ்வும்

வனமல்லாத பகுதிகளில் உள்ள மரங்களைப் பாதுகாக்க மேற்கு வங்கத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தமிழகத்தின் மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். இலங்கையில் சங்கிலி ரம்பங்களைப் பதிவு செய்வது 2019-இல் கட்டாயமாக்கப்பட்டது. சாலையோர மரம் சாய்ந்தால், உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்த பின் செயல்படுவதே சரி.

சாய்ந்த மரம் ஒவ்வொன்றும் விறகாக வேண்டும் என்பதும் இல்லை. ஆம்பனுக்குப் பின் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் பகுதியில் சாய்ந்த மரங்கள் சில, கிளைகள் கழிக்கப்பட்டு மீண்டும் நடப்பட்டன. வேர்கள் பெருமளவு அறுபடாத மரத்துக்கே இந்த வாய்ப்பு உண்டு. வேர்கள் காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கால் மூடி, தண்டை வெட்டாமல் கிளைகளை மட்டும் அகற்றிச் சாலையைத் திறந்துவிட்டால், அந்த மரத்தை மீட்க முடியுமா என்பதை வல்லுநர்கள் பின்னர் முடிவு செய்ய இயலும்.