உங்களுக்குத் தெரியுமா? போருக்குப் போன நமுனுகுலக் கொழுந்து

நமுனுகுல மலைச்சரிவில் பெரட்டு முடிந்து நம் பெண்கள் கூடையில் போட்ட கொழுந்து, இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்கான போர்க்காலச் சரக்கு! லண்டன் தேயிலை ஏலம் 1939இல் நின்றது. மறுபடி நடந்தது 1951இல்தான். போர்க்காலத்தில் இலங்கைத் தேயிலையைப் பிரிட்டிஷ் அரசே மொத்தமாக வாங்கியது.

அந்நாளில் ஸ்டோரில் வறுத்துச் சலித்த தூளை, உள்ளே உலோகத்தாள் விரித்த பலகைப் பெட்டியில் இறுக்கி அடைப்பார்கள். பதுளைப் பாதையில் ரயிலேறும் பெட்டி, தெமோதரை வளையத்தைச் சுற்றி, ஒன்பது வளைவுப் பாலம் தாண்டிக் கொழும்புத் துறைமுகம் சேரும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது அந்தத் துறைமுகத்தில்தான்.

பிரிட்டனில் 1940 ஜூலை முதல் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை, சுமார் 57 கிராம். அங்கே தேயிலைப் பங்கீடு நீங்க 1952 ஆனது. ஜெர்மனி பிடித்திருந்த நெதர்லாந்து மக்களுக்கு, மனம் தளராதிருக்கச் சொல்லி, பிரிட்டிஷ் விமானங்கள் சிறு தேயிலைப் பொட்டலங்களைக்கூட வீசின. அது டச்சு இந்தியத் தீவுகளில் விளைந்த தேயிலை.

நமுனுகுலவுக்குப் பக்கத்தில் உள்ள தியத்தலாவையில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய முகாமின் பெயர் ‘எச்.எம்.எஸ். ஊவா’. கடலே எட்டாத மலையில் ஒரு போர்க்கப்பலின் பெயர்!

லயத்துக்குள் போர் வந்தது சோற்றுப் பானை வழியாக. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி சுருங்க, அடுப்பில் கோதுமை மா ரொட்டி ஏறியது. இன்றும் காலையில் மலைக்குப் போகும் பலரின் சாப்பாட்டுப் பொட்டலத்தில் இருப்பது அந்த ரொட்டிதான்.