பரகேசரி, இராசகேசரி: சோழரின் அரியணைப் பெயர்கள்

பண்டைய எகிப்தின் மத்திய அரசுக் காலத்தில் முழு வடிவம் பெற்ற மரபின்படி அரசர் ஒருவர் ஐந்து பெயர்களைத் தாங்கினார். அவற்றுள் பிறப்புப் பெயரும், முடிசூடுகையில் புனைந்துகொண்ட அரியணைப் பெயரும் மட்டுமே கார்ட்டூஷ் எனப்படும் நீள்வட்டக் கயிற்று வளையத்துக்குள் பொறிக்கப்பட்டன. துட்மோஸ் என்னும் பிறப்புப் பெயரை நால்வர் கொண்டிருந்தமையால், அவர்களுள் மூன்றாமவரைப் பிரித்துக் காட்டுவது மென்கெப்பெர்ரே என்ற அரியணைப் பெயரேயாகும்.

சோழர் மரபில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 9ஆம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயன் பரகேசரி, அவன் மகன் முதலாம் ஆதித்தன் இராசகேசரி, பேரன் முதலாம் பராந்தகன் மீண்டும் பரகேசரி என, சிங்கத்தைக் குறிக்கும் ‘கேசரி’ என்ற சொல்லில் முடியும் இரண்டே பட்டங்கள் 13ஆம் நூற்றாண்டின் மூன்றாம் இராசேந்திரன் வரை மாறிமாறி வந்தன. ஆகவே ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 5’ என்று மட்டும் கூறும் கல்வெட்டு (பன்மர் என்பது வர்மர் என்பதன் திரிபு) எந்த அரசனுடையது என்பதை அப்பட்டத்தைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. எழுத்தின் வடிவத்தையும் அதில் இடம்பெறும் அதிகாரிகளின் பெயர்களையும் துணைகொண்டே கல்வெட்டறிஞர் காலத்தைக் கணிக்க வேண்டியுள்ளது. குடவோலை முறையை விவரிக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) இத்தொல்லை இல்லை. பட்டத்தின் முன் நிற்கும் ‘மதிரை கொண்ட’ என்ற அடை, மதுரையை வென்ற பராந்தகனை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், வெற்றிகளை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் பொறிப்பதை நிலையான வழக்கமாக்கினான். ஆய்வாளர்க்கு அவன் செய்த பேருதவி என்றே இதனைக் கூறலாம்.

பட்டங்களின் முறை பிறழும் இடங்களும் பொருளுடையவை. இராசகேசரியான சுந்தர சோழனுக்குப் பின் அவன் மகன் இரண்டாம் ஆதித்தன், உத்தம சோழன் ஆகிய இருவருமே பரகேசரிகளாகக் காணப்படுவதற்கு, ஆதித்தன் இளவரசு நிலையிலேயே பட்டம் பெற்றுத் தனியாட்சி எய்துமுன் மாண்டதே காரணம் என்பர். வேங்கிச் சாளுக்கியக் குடியில் பிறந்து, தாய்வழியில் முதலாம் இராசேந்திரனின் பேரனான முதலாம் குலோத்துங்கன் 1070இல் சோழ அரியணையைப் பெற்றபோது, தனக்கு முன் ஆண்ட அதிராசேந்திரன் பரகேசரியாதலின் தான் இராசகேசரி எனப் பட்டம் பூண்டான். அவன் மகன் விக்கிரமனும் முறை வழுவாமல் பரகேசரியானான்.