தடுப்பை எழுப்பும் பெட்டி

டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிட வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எந்த ஓட்டுநரும் கண்ணாடியை இறக்குவதில்லை, சீட்டு எடுப்பதில்லை. கார் நெருங்கியதும் தடுப்பு தானாக எழுகிறது.

தனி கராஜ் உள்ள வெளிநாட்டு வீடுகளில் இந்த வேலையைக் கையடக்க ரிமோட் செய்கிறது. அதைத் தேடி எடுக்கச் சோம்பல்படுபவர்கள் அதைப் பிரித்து, பொத்தானின் இரு முனைகளிலும் கம்பியைப் பற்றவைத்து, காரின் டேஷ்போர்டில் ஒரு சுவிட்சோடு இணைத்துவிடுவார்கள். வீவக அடுக்குமாடியில் வளர்ந்த நமக்குக் கராஜ் ஏது? ஆனாலும் கதவு திறக்கும் வானொலிக் கருவி இங்குள்ள கார்களில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஓட்டுநர் ஆசைப்பட்டுப் பொருத்தியது அல்ல. அரசாங்கம் பொருத்தச் சொன்னது.

கதை 1975 ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் நுழையும் கார்கள், நாளுக்கு 3 வெள்ளி கொடுத்து வாங்கிய காகித உரிமத்தை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. ஒவ்வொரு நுழைவிடத்திலும் அதிகாரிகள் நின்று, ஓடும் கார்களின் கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்துக் காயவைத்ததால் பெயர் பெற்ற டோபி காட் பக்கம், அப்போது வேறொரு கூட்டம் வெயிலில் காய்ந்திருக்கும்!

அந்தக் கண்களின் இடத்தை 1998ல் மின்னியல் சாலைக் கட்டண முறை (ஈஆர்பி) எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் கிழக்குக் கடலோர விரைவுச்சாலையிலும் செப்டம்பரில் நகரத்துக்குள்ளும் அது நடப்புக்கு வந்தது. முன்கண்ணாடியின் கீழே, ரொக்க அட்டை செருகும் சிறு பெட்டி. பெரும்பாலோர் அதை 'ஐயு' என்றே அழைக்கிறார்கள். மின்சாரம் காரின் பேட்டரியிலிருந்து வருகிறது. சாலைக்கு மேலே நிற்கும் வளைவும் இந்தப் பெட்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிக்கொள்ள, கார் நிற்காமலேயே பணம் கழிகிறது. கழியாவிட்டால், கேமரா பின்பக்க எண்பலகையைப் படமெடுக்கிறது. இதே பெட்டியைக் கொண்டுதான் கார் நிறுத்துமிடங்களும் வாகனத்தை அடையாளம் காணத் தொடங்கின.

கராஜ் ரிமோட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பழைய ரிமோட், கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரே ரகசிய எண்ணை உரக்கச் சொல்லிவிடும். 12 பிட் என்றால் மொத்தமே 4,096 எண்கள்தான். 2015ல் சாமி காம்கார் என்ற அமெரிக்க நிரலாளர், சிறுவர் விளையாட்டுக் கருவி ஒன்றை மாற்றியமைத்து, அத்தகைய கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். புதிய ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றிக்கொள்வது இந்த ஓட்டையை அடைக்கத்தான். நம் பெட்டியோ தானாகக் கூவுவதில்லை. வளைவு கேட்கிறது, பெட்டி பதில் சொல்கிறது, அட்டையில் கணக்கு முடிகிறது. காசு புழங்கும் இடத்தில் ஒருவழிப் பேச்சு போதாது.

இப்போது அந்தப் பெட்டியும் விடைபெறுகிறது. 2023 நவம்பரிலிருந்து, துணைக்கோள வழி இருப்பிடம் அறியும் புதிய கருவி படிப்படியாகப் பொருத்தப்படுகிறது. மோட்டார்சைக்கிளுக்கு ஒரே துண்டு. காருக்கு மூன்று துண்டுகள்: அலைவாங்கி, தொடுதிரை, செயலகப் பெட்டி. அட்டை செருக வேண்டிய செயலகப் பெட்டி பொதுவாக முன்பயணியின் காலடிப் பக்கம் போகிறது. "ஏன் மூன்று?" என்ற கேள்வி 2024 தொடக்கத்தில் நாடாளுமன்றம் வரை சென்றது. முன்கண்ணாடி அருகே வெயிலில் சூடேறினால் கருவி சீக்கிரம் பழுதாகும் என்பது அதிகாரிகள் தந்த முக்கிய விளக்கம். நண்பகலில் திறந்தவெளியில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தவர்களுக்கு அதை மறுக்க மனம் வராது.

ஆனால் என் பெரியப்பாவுக்குச் சூடு பிரச்சினையே இல்லை. வேன் ஓட்டிப் பிழைப்பவர். கருவி மாற்றச் சொல்லிக் கடிதம் வந்ததும் அவர் என்னிடம் கேட்டது இரண்டு கேள்விகள். "அட்டையை எடுக்க நான் எத்தனை தடவை குனியணும்? கண்ணு முன்னாடி இன்னொரு திரை வேற எதுக்குப்பா?"

முதல் கேள்விக்குப் பதில் உண்டு. வங்கி அட்டையை இணைத்துவிட்டால் கட்டணம் பின்னணியில் கழியும், குனிய வேண்டாம். இரண்டாவதற்கும் உண்டு. வேகவரம்பு, பள்ளி வட்டாரம், கட்டண விவரம் போன்றவற்றைக் காட்டும் அந்தத் திரை கட்டாயமில்லை. வேண்டாதவர்கள் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் கேட்காத மூன்றாவது கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. பழைய பெட்டி வளைவின்கீழ் மட்டுமே வாய் திறந்தது. புதியதற்கோ எப்போதும் தான் இருக்கும் இடம் தெரியும். போக்குவரத்து நிர்வாகத்துக்குப் பயன்படும் தரவில் அடையாளம் நீக்கப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் கூறியுள்ளது. ஓட்டிய தூரத்துக்கேற்ற கட்டணம் இந்தத் தொழில்நுட்பத்தால் சாத்தியம். அது வந்தால் அலுவலகம் செல்பவரைவிட, நாள் முழுக்கச் சாலையில் இருக்கும் பெரியப்பா போன்றவர்களுக்கே செலவு கூடும். அந்தக் கணக்கு பேசப்படும்போது வேன் ஓட்டுநர்களும் மேசையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழகத்து நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் ஒட்டுவில்லை மட்டும் போதுமே என்று உறவினர்கள் கேட்பதுண்டு. பேட்டரியும் கம்பியும் இல்லாத அந்த வில்லை, சுங்கச்சாவடியில் மெதுவாக ஊரும் வண்டிக்குப் பொருந்தும். லண்டன் 2003ல் நெரிசல் கட்டணத்தைத் தொடங்கியபோது காருக்குள் எதுவுமே பொருத்தாமல் கேமராவை மட்டும் நம்பியது. ஒவ்வொரு வளைவுக்கும் நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்தை, ஓடும் வண்டியில் அங்கேயே வசூலிக்க நினைத்த சிங்கப்பூருக்குத்தான் கம்பி இழுக்க வேண்டியிருந்தது.

பெரியப்பா வங்கி அட்டையை இணைக்கும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார். திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய பெட்டியைக் கழற்றிய பிறகு டேஷ்போர்டில் காலியாகும் இடத்துக்கு, சிறு பிள்ளையார் சிலை ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்.