செக்கச் சிவந்த தேரிக்காடு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரெயிலில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். 1923-இல் திறந்த பாதை இது. ஸ்ரீவைகுண்டம் வரும், நம்மாழ்வார் புளியமரத்தடியில் அமர்ந்த ஆழ்வார்திருநகரி வரும். வழியெல்லாம் தாமிரபருணியின் உபயத்தில் வயலும் வாழையுமாக இருக்கும். "ஆகா, என்ன குளுமை!" என்று சொல்லி நீங்கள் வாய் மூடுவதற்குள் அடுத்த ஸ்டேஷன் நாசரேத் வந்துவிடுகிறது. அங்கே இறங்கித் தெற்கே பஸ் பிடித்தால் வாழையைக் காணோம். பனை, பனை, எங்கு பார்த்தாலும் பனை. அதையும் தாண்டினால், குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் சிவப்பு மணல் மேடுகள்!

இதைத்தான் தேரி என்கிறார்கள். சாத்தான்குளம், குதிரைமொழி, உடன்குடி பக்கமெல்லாம் பரந்து கிடக்கிறது. மணலுக்கு இந்த நிறம் எப்படி வந்தது? ஒவ்வொரு மணிக்கும் மேலே இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனி, ஆடியில் மேற்கு மலையின் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று இந்த மணலை வாரி வாரி மேடு கட்டுகிறது. கொல்லாமரமும் உடைமரமும் பனையும் ஓரளவு காலைக் கட்டிப் போட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் மேடுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

வறண்ட பூமி என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். தேரி மேல் பெய்த மழை ஓடுவதில்லை. அப்படியே உள்ளே இறங்கி, அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. பள்ளமான இடங்களில் தேங்கிப் புத்தன் தருவை, வைரவன் தருவை என்று அகலமான நீர்நிலைகளாகிறது. சுனை இருக்கும் இடத்தில் ஓர் அய்யனார் இருப்பார். அருஞ்சுனை காத்த அய்யனார் என்று பெயரிலேயே சுனையை வைத்துக்கொண்டிருப்பவரும் உண்டு! தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை முடியும் சமயத்தில் அங்கே 'கள்ளர் வெட்டு' நடக்கும். கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அது சிந்திய செம்மணலை அள்ளி மடியில் முடிந்துகொண்டு போக ஜனங்கள் முட்டி மோதுவதைப் பார்க்க வேண்டும்.

மனிதன் இங்கே வந்தது நேற்றோ முந்தாநாளோ அல்ல. தேரி மணலில் கிடைத்த, விரல் நுனி அளவேயான கல் கருவிகளைப் பற்றி 1956-இல் ஸாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் விரிவாக எழுதினார்கள். பாண்டியரின் கொற்கையும், முதுமக்கள் தாழி நிறைந்த ஆதிச்சநல்லூரும் பக்கத்திலேதான். ஆனால் அவை ஆற்றங்கரைக்காரர்களின் பெருமை. தேரிக்காரர்களுக்கு வாய்த்தது பனை ஒன்றுதான்.

அந்தப் பனையேறியின் உழைப்பைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? கோழி கூவுமுன் எழுந்து, காலில் தளைநார், கையில் முருக்குத்தடி, இடுப்பில் பாளை அருவாளுடன் கிளம்புகிறார். மரத்துக்கு 50 அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மரம், காலை, மாலை இரு வேளை. மொத்தம் 4,000 அடி! கொல்லிமலை உச்சியே ஏறக்குறைய அவ்வளவுதான். மழை தூறி மரம் வழுக்கினாலும் பாளை சீவாமல் விட முடியாது; ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். அவர் இறக்கிய பதநீரை வீட்டம்மாள் உடைமுள்ளும் காய்ந்த ஓலையும் எரித்து, புகையில் கண் கலங்கக் காய்ச்சுகிறாள். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்குமுத்தைத் தட்டிப் போட்டு, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஏறுகிறவர் தவறி விழுந்தால் அந்த அடுப்பு அணைந்தது என்று அர்த்தம்.

பிள்ளைக்கும் இதே தளைநார்தானா என்று ஏங்கிய தகப்பன்மார்களுக்கு நாசரேத் ஒரு வழி காட்டிற்று. 1870-இல் அங்கே ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1876-இல் மர்காஷிஸ் ஐயர் வந்தார். (பாதிரிமாரை 'ஐயர்' என்பதுதான் இந்தச் சீமை வழக்கம், குழம்ப வேண்டாம்.) வந்ததுமே தாது வருஷப் பஞ்சம். அநாதைக் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றினால் மட்டும் போதுமா? 1878-இல் தச்சும் தையலும் போலக் கைத்தொழில்கள் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1908-இல் நாசரேத்திலேயே கண்ணை மூடினார். பனையேறியின் பிள்ளை வாத்தியாராகவும் வைத்தியராகவும் வெளியூர் போனான், மணியார்டர் வந்தது.

நல்ல காரியந்தான். யார் மறுப்பார்கள்? ஆனால் இன்று மரம் இருக்கிறது, ஏற ஆளில்லை. ஏறாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று. கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்துக்குக் காவல் வந்துவிட்டது. பெயருக்கும் காவல் வந்துவிட்டது. ஏறுகிறவருக்கு? சீனியைக் கலந்து காய்ச்சிய மலிவுச் சரக்கோடு அவருடைய அசல் கருப்பட்டி சந்தையில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

சித்திரை, வைகாசியில் அந்தப் பக்கம் போனீர்களானால், சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். நுங்கை உள்ளே சீவிப் போடச் சொல்லுங்கள், தேவாமிர்தந்தான். விலையைக் கேட்டதும் பேரம் பேச நாக்குத் துறுதுறுக்கும். அந்த 4,000 அடியை ஒரு தரம் நினைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.