பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில்: சிறார் குற்றத்தின் காரணமும் தடுப்பும்

முன்னுரை

சிறார் குற்றம் குறித்துத் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் வறுமை, சிதைந்த குடும்பம், தீய நட்பு, திரைப்படம், கைப்பேசி எனக் காரணங்களை அடுக்கிச் செல்கின்றன. பட்டியலில் பிழையில்லை, ஆனால் அது விளக்கமாகாது. வறுமையில் வளரும் சிறுவருள் மிகப் பலர் எக்குற்றமும் செய்வதில்லை. எனவே எந்த வயதில், எந்தப் பிணைப்பு தளரும்போது இக்காரணங்கள் செயல்படத் தொடங்குகின்றன என்பதே ஆராயத்தக்க வினாவாகிறது. இந்தியச் சட்டங்கள் வகுத்துள்ள வயது வரம்புகளின் வழியே இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது.

வயதும் பிணைப்பும்

குற்றச் செயல்களில் ஈடுபடுவோரின் விகிதம் பதின்பருவத்தில் விரைந்து உயர்ந்து, அதன் பிற்பகுதியில் உச்சம் தொட்டு, பின்னர்ச் சரிவது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993இல் இப்போக்கை விளக்குகையில் இருவகையினரைப் பிரித்துக் காட்டினார். இளமை தொட்டே முரண்நடத்தை கொண்டு வாழ்நாள் முழுதும் தொடர்வோர் மிகச் சிலர். பதின்பருவத்தோடு அதனைக் கைவிடுவோரே மிகப் பலர். இரண்டாம் வகையினரைக் குற்றவாளி என முத்திரையிடுவது, தானே விலகிப்போகும் ஒன்றை நிலைநிறுத்துவதாகிவிடும்.

டிராவிஸ் ஹிர்ஷி தம் 1969ஆம் ஆண்டு நூலில் வினாவையே திருப்பிப் போட்டார். ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார் என்பதை விட, பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். பெற்றோர், ஆசிரியர் மீதான பற்று, எதிர்காலம் குறித்த ஈடுபாடு, அன்றாடச் செயல்களில் பங்கேற்பு, நெறிகளின் மீதான நம்பிக்கை ஆகிய பிணைப்புகளே தடுக்கின்றன என்பது அவர் விடை. இந்நான்கையும் ஒருசேர வழங்கக்கூடிய நிறுவனம் பள்ளி. ஆகவே இடைநிற்றல், காரணப் பட்டியலில் ஏழாவதோ எட்டாவதோ ஆக வைக்கத்தக்கதன்று.

சட்டங்களுக்கு இடையிலான வெளி

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கே கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பத்தாம் வகுப்பில் தவறிய சிறுவன் பட்டறைக்கோ கட்டட வேலைக்கோ செல்வதை இவ்விரு சட்டங்களும் தடுப்பதில்லை.

ஆனால் 2012ஆம் ஆண்டு தில்லிக் கொடுமைக்குப் பின் எழுந்த கொந்தளிப்பின் சூழலில் உருவான 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரை வயது வந்தோராக விசாரிக்க வழி திறந்தது. கற்பிக்கும் கடமை தீர்ந்து ஈராண்டு கழிந்ததும் தண்டிக்கும் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. பிணைப்பு தளரும் ஆண்டுகளும் இவையே.

அப்பிரிவின்படி இளைஞர் நீதிக் குழுமம், செயலின் விளைவை உணரும் திறன் சிறுவனுக்கு இருந்ததா என்று முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். இம்மதிப்பீடு நுண்மையானது, உளவியல் வல்லமை வேண்டுவது என 2022இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. எனினும் அடிப்படை இடர் தீரவில்லை. ஒத்த வயதினர் உடனிருக்கையில் பதின்பருவத்தினர் துணிந்து இடர் ஏற்பது மிகுகிறது என 2005இல் கார்ட்னரும் ஸ்டீன்பெர்க்கும் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினர். அமைதியான அறையில் தனித்து அமர்ந்து விடையளிக்கும் சிறுவனைக் கொண்டு, நண்பர் நடுவே இரவில் அவன் இருந்த மனநிலையை எவ்வாறு அளப்பது?

கூட்டி வைத்தலின் தீமை

செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி 1887இல் தோன்றியது; சென்னைச் சிறார் சட்டம் 1920இல் வந்தது. தவறியோரைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்தது அக்காலத்தில் பெரும் முன்னேற்றமே. ஆயினும் பிரித்தவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்ததன் விளைவு நெடுநாள் ஆராயப்படவில்லை.

இங்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு கருதத்தக்கது. சிறுவர்களுக்கு அறிவுரை, பாடத்துணை, மருத்துவ உதவி, கோடை முகாம் எனப் பல்லாண்டு உதவி அளிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் பின்தொடர்ந்து பார்த்தபோது, உதவி பெற்றோர் பெறாதோரை விடச் சில கூறுகளில் தாழ்ந்திருந்தனர். ஒருமுறைக்கு மேல் முகாமுக்கு அனுப்பப்பட்டோரிடமே தீங்கு மிகுந்திருந்ததை 1999இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. நல்லெண்ணத்தோடு கூட்டினும் கூட்டியது கூட்டியதே.

2015ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனத்தில் வைத்தலை இறுதி வழியாகவே கொள்கிறது. கொடிய குற்றமாகவோ வயது வந்தோருடன் சேர்ந்து செய்ததாகவோ இல்லாதபோது முதல் தகவல் அறிக்கை பதியாமல் காவல் நாட்குறிப்பில் மட்டும் பதிய விதிகள் இடமளிக்கின்றன. காவல்துறை நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்களும் இவ்வகையில் பயன்படும். ஆனால் அவை புகாருக்குள்ளானவர்களுக்கு மட்டுமெனச் சுருங்காது, தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியனவாக இருக்க வேண்டும்.

தடுப்பின் இடம்

ஒரு சிறுவன் பிடிபட்ட பின் அவனது சமூகப் பின்னணி அறிக்கை எழுதப்படுகிறது. எவ்வகுப்பில் பள்ளியை விட்டான், ஏன் விட்டான் என்பன அதில் கேட்கப்படுகின்றன. இதே வினாக்களை அவன் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கும் வாரத்திலேயே கேட்கலாம். தமிழ்நாட்டில் மாணவர் விவரங்கள் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் பதிவாகின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தொடர்ந்து வராத மாணவனின் பெயர், காவல் நிலையத்திற்கன்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்குச் சென்று, ஒருவர் அவன் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டறிய ஏற்பாடு வேண்டும். தேர்வில் தவறியதா, தந்தையின் கடனா, வகுப்பில் நேர்ந்த அவமதிப்பா என்பதைப் பொறுத்தே அவனுக்குரிய உதவியும் வேறுபடும்.